காண்டாமிருகத்துக்கு வரன்

ஹோம்புஷ் நிலையத்தில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். மடிக்கணினியைத் திறந்தவள் சலித்துக்கொண்டாள்.

“அந்தக் காண்டாமிருகத்துக்கு ஒரு மாப்பிள்ளையும் அமையல. ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்த டிஎன்ஏ மொத்தத்தையும் படிச்சுப் பார்த்தாச்சு. அவ இருக்குற காட்டுல உள்ள ஆணெல்லாம் அவளுக்கு நெருங்கின சொந்தம்.”

“இருந்தா என்னவாம்?”

“குட்டி நோஞ்சானாப் பொறக்கும். அப்படியே இனமே அழிஞ்சுடும். வேற காட்டுலேர்ந்து ஒண்ணைக் கொண்டுவாங்கன்னு எழுதப்போறேன்.”

கூட வந்தவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

“நீயே அத்தை பையனத்தானே கட்டியிருக்க?”

“ஆமா. குழந்தை பெத்துக்கிட்டா பிரச்சினை வருமான்னு நாங்களும் டெஸ்ட் குடுத்திருக்கோம். வெள்ளிக்கிழமை ரிசல்ட்.” மடிக்கணினியை மூடினாள். “அத மட்டும் அவரையே படிக்கச் சொல்லிட்டேன்.”