சகலைக்குப் பொருத்தமான படம்

இந்த மாதம் வந்த படங்கள் மொத்தத்தில் பழுதில்லை, சார். நிதானமாக உட்காருங்கள். என் சகலையின் மரணம் தொடர்பாக ஸ்டேஷனிலிருந்து ஒரு கையெழுத்து வாங்க வந்தீர்கள், வாங்கிவிட்டீர்கள். என் மனைவி அவளுடைய தங்கைக்குத் துணையாகப் போயிருக்கிறாள், மகளும் அங்கேதான். காபி போட்டுத் தர ஆளில்லை என்பதைத் தவிர நாம் பேசுவதற்கு ஒரு தடையும் இல்லை. நான் பார்த்தது நான்கு படங்கள்.

முதலில் பேய்ப் படம். பாழடைந்த பங்களா, புதிதாகக் கல்யாணமானவர்கள், பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. அந்த அறையைத் திறக்காதீர்கள் என்று வீட்டுக்காரர் முதல் காட்சியிலேயே கையெடுத்துக் கும்பிடுகிறார். திறக்காவிட்டால் படம் ஏது? பேய்க்குத் தலைவாரிவிட நாதியில்லை, நாயகிக்கோ தூக்கத்தில்கூட உதட்டுச்சாயம் அழியவில்லை. அதெல்லாம் போகட்டும். எனக்கு அந்தப் படம் சரிப்படாததற்குக் காரணம் வேறு. படத்தில் மௌனம் அதிகம். பேய் வரப்போகிறது என்றால் இசையை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் தொண்டையைக் கனைத்தால் நாலு வரிசை திரும்பிப் பார்க்கிறது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது குடும்பச் சிரிப்புப் படம். மாமனாரும் மருமகனும் ஒரே வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறார்கள், இடைவேளைக்குள் இருவரும் மாறுவேடம் போட்டுவிடுகிறார்கள். ஒட்டுமீசை வைத்தால் பெற்ற மகளுக்கே அப்பாவை அடையாளம் தெரியாதாம். நம் காதில் பூ சுற்றுவதற்கென்றே பிறந்தவர்கள் எழுதிய கதை. ஆனாலும் நான் இரண்டு இடத்தில் சிரித்தேன், அதை மறைக்க மாட்டேன். குறை என்னவென்றால் எல்லாக் காட்சியும் பட்டப்பகல், எல்லாச் சுவரும் வெள்ளை. திரையின் வெளிச்சம் அரங்கு முழுக்க அடிக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் பல்லிடுக்கில் இருந்த சோளப்பொரிகூட எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது, நீதிமன்றக் கதை. வக்கீல் பேசுகிறார், பேசுகிறார், நீதிபதிக்குத் தாடி வளர்கிற அளவுக்குப் பேசுகிறார். கூட்டமே இல்லை. வந்திருந்தவர்களும் தூங்குவதற்கு வந்தவர்கள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் மருத்துவமனையில் வேலை முடித்துவிட்டு அப்படியே வந்தவர்கள் என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. இந்த மாதிரி இழுவைப் படத்துக்கு அந்த மாதிரி ஆட்கள்தான் ஓய்வெடுக்க வருவார்கள் என்று தோன்றியது. அதையும் ஒதுக்கினேன்.

நான்காவதுதான் அழுகைப் படம். ரயில் நிலையத்தில் மகளைத் தொலைத்துவிட்ட அப்பா. கடைசி அரைமணி நேரமும் இருட்டு, மழை, வயலின். வசனம் எழுதியவருக்கு மூக்கைச் சிந்தவே நேரம் போதவில்லை போலிருக்கிறது, யாரும் ஒரு வாக்கியத்தை முடிப்பதில்லை. ஆனால் அரங்கு நிரம்பி வழிந்தது. ஆம்பளைகள் உட்பட அத்தனை பேரும் வாய்விட்டு விம்மினார்கள். யார் என்ன சத்தம் போட்டாலும் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்து காற்றில் கொஞ்ச நேரம் நின்றேன். என் சகலைக்கு இதுதான் பொருத்தமான படம் என்று முடிவு செய்தேன்.

என் வேலை டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது. ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டுவேன். கணீரென்று கேட்டால் பெட்டிக்குப் போகும், மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது, உடைக்கிற குவியலில் போட்டுவிடுவேன். இதில் கோபதாபம் ஒன்றும் கிடையாது. வீட்டிலும் நான் அப்படித்தான். முன்பெல்லாம் புதுப்படம் வருகிறது என்றால் எங்கள் சொந்தத்தில் அத்தனை பேரும் என்னைத்தான் கேட்பார்கள். மைத்துனர் கேட்பார், மாடிவீட்டுக் கணக்காளர் கேட்பார், மகள் கல்லூரித் தோழிகளுக்காகக் கேட்பாள். நான் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்வேன். பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அவர்களும் போகமாட்டார்கள். எத்தனை குப்பைகளிலிருந்து அவர்களைக் காப்பாற்றியிருக்கிறேன் தெரியுமா?

பிறகு மனைவியின் தங்கைக்குக் கல்யாணமாகி இவர் வந்து சேர்ந்தார். மெத்தைக் கடையில் விற்பனையாளர். வருகிறவர்களைப் படுக்க வைத்து, சுகமாக இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு, உலகத்தில் எல்லாமே சுகம்தான் என்று ஆகிவிட்ட மனிதர். எந்தப் படத்தைக் கேட்டாலும் சூப்பர் என்பார். படம் தொடங்கிச் சிறிது நேரத்தில் அழ ஆரம்பிப்பார், பூனைக்குட்டி வந்தால்கூட அழுவார். அழுதால் அவருக்கு மூச்சு வாங்கும், உடனே இன்ஹேலரை எடுத்து இழுத்துக்கொள்வார். கண்ணைத் துடைப்பார், மறுபடி அழுவார். இப்படி ஒருவரைத்தான் என் வீட்டார் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

ஒருமுறை நான் வேண்டாம் என்று சொன்ன படத்துக்கு அவர் பேச்சைக் கேட்டு எல்லோரும் வேன் பிடித்துப் போனார்கள். நான் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது வாசலிலிருந்தே சிரிப்புச் சத்தம். மகள், என் கேள்விக்கு முன்னாலேயே, “சித்தப்பாகிட்ட கேட்டுட்டுதான்பா போனோம்” என்றாள். மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நல்லவேளை நீங்க வரல. வந்திருந்தா ஒருத்தரையும் ரசிக்க விட்டிருக்க மாட்டீங்க” என்றாள். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். மெத்தை விற்கிறவரைப் பார்த்து எனக்கு என்ன பொறாமை? ஒரு குடும்பத்தின் ரசனை கண்ணெதிரே கெட்டுப்போகும்போது யாராவது ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சகலையை நானே போன் செய்து கூப்பிட்டேன். டிக்கெட்டும் நானே எடுத்தேன். சுவரோரமாக இரண்டு இருக்கை, அவருக்குச் சுவர்ப் பக்கம், எனக்கு வெளிப்பக்கம். அவர் இன்ஹேலரை எப்போதும் கைப்பிடியில் கப் வைக்கிற குழியில்தான் வைப்பார், இருட்டில் தேட வேண்டாம் என்று. இடைவேளையில் எனக்கும் சேர்த்துச் சோளப்பொரி வாங்க எழுந்து போனார். குழியிலிருந்த இன்ஹேலரை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். எந்தப் பரபரப்பும் இல்லை. ஒரு டைல்ஸை எடுத்து அந்தப் பக்கம் வைப்பது போலத்தான் இருந்தது.

மழைக் காட்சி வந்தது. எதிர்பார்த்தபடியே அழுதார், எதிர்பார்த்தபடியே மூச்சு வாங்கியது. கை குழியைத் துழாவியது, சட்டைப் பையைத் துழாவியது, தரையைத் துழாவியது. பிறகு என் காதருகே வந்து, “அண்ணா, இன்ஹேலர் பார்த்தீங்களா?” என்று கேட்டார்.

“படம் முடியட்டும்” என்றேன்.

தவறாக நினைக்கவில்லை அவர். நான் படத்தில் ஒன்றிவிட்டேன் என்றுதான் நினைத்திருப்பார். தொந்தரவு செய்யக்கூடாது என்று இன்னும் கொஞ்சம் தேடினார். பிறகு எழப் பார்த்தார், நான் காலை மடக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முன் வரிசை அம்மா ஒருவர் அவருடைய மூச்சிரைப்புச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினார். அவர் கன்னமெல்லாம் கண்ணீர். “எனக்கும் தாங்கலப்பா” என்று சொல்லி ஒரு டிஷ்யூ நீட்டினார். சகலையின் சார்பில் நான்தான் வாங்கிக்கொண்டேன்.

திரையில் அப்பாவும் மகளும் சேர்ந்தார்கள். எனக்கும் கண் கலங்கியது. படத்துக்காகத்தான். விளக்கு போட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள். நான் இன்ஹேலரை முன் இருக்கைக்கு அடியில் உருட்டிவிட்டு, பிறகுதான் உதவிக்குக் கத்தினேன்.

சவ அடக்கம் முடிந்து கொழுந்தியாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நீங்களே கூப்பிட்டீங்கன்னு அன்னிக்கு அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அத்தான்? மூணு சட்டை மாத்தினார். அண்ணாவுக்கு முன்னாடி இன்னிக்கு அழக்கூடாதுன்னு சொல்லிட்டே போனார்” என்றாள். பிறகு, சாகும் முன் ஒரு நல்ல படமாவது பார்த்தாரா என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு வராது. இரண்டாம் பாதியில் கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

அதற்கப்புறம் யாரும் என்னிடம் பேசுவதில்லை. சந்தேகம் ஏதும் இல்லை, துக்கம் என்று இருக்கிறார்கள். இந்த நாலு படங்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நானாகவே ஒவ்வொன்றையும் பற்றி எழுதிப் போட்டேன். எல்லோரும் படித்தார்கள், ஒருவரும் பதில் எழுதவில்லை. அவர் இடம் காலியானால் ஆட்கள் தானாக என்னிடம் வருவார்கள் என்று நினைத்தேன். சூப்பர் என்று சொல்ல ஆளில்லாததால் அவர்கள் படம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

உங்களுக்கும் சந்தேகம் இல்லை, எனக்குத் தெரியும். மூச்சுத்திணறல் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். கையெழுத்து வாங்கினீர்கள், தொப்பியை எடுத்துக்கொண்டீர்கள், வாசல்வரை போய்விட்டீர்கள். அங்கே நின்று, “அது சரி சார், அந்தப் படம் எப்படி? வீட்டுல போகணும்னு ஒரே நச்சரிப்பு” என்று கேட்டீர்கள். என்னை ஒருவர் அப்படிக் கேட்டு மூன்று வருடமாகிறது. உங்களை எப்படி ஒற்றை வார்த்தையில் அனுப்ப முடியும்?

கைவிலங்கு கொண்டுவரவில்லை என்றால் பரவாயில்லை, நானே ஜீப்பில் வந்து ஏறுகிறேன். வீட்டாரை அழுகைப் படத்துக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள், காசு தண்டம். மாமனார் மருமகன் படத்துக்குப் போங்கள், குழந்தைகள் சிரிப்பார்கள். யார் சொல்லி அந்தப் படத்துக்கு வந்தீர்கள் என்பதை மட்டும் மறக்காமல் அவர்களிடம் சொல்லுங்கள்.