மேல்வூட்டுக் கதவு

அந்த ஸ்க்ரூ எல்லாம் பத்திரமா வச்சிருக்க இல்ல மணி? மேல்வூட்டுக் கதவோடதுதான். போன வாரம் உன்ன வச்சித்தான கழட்டுனேன், அதுக்குள்ள மறந்துட்டியா? மறுபடி மாட்டணும். இப்பவே.

சிரிக்காத. கழட்டுன்னு சொன்னதும் நான்தான், மாட்டுன்னு சொல்றதும் நான்தான். வூடு என்னுது. டீயக் குடி மொதல்ல.

வாடக தராதவங்கள இன்னா பண்ணணும்னு எனுக்குத் தெரியும். கெஞ்சவே கூடாது. மொதல்ல தண்ணிய நிறுத்தணும். அப்புறம் ஃப்யூஸப் புடுங்கணும். அதுக்கும் மசியலன்னா கதவு. முன்ன இருந்தானே ராஜேந்திரன், அவன் டிவிய மாடிலேருந்து வீசுனேன். பொண்டாட்டி எதிர்லயே பல்ல ஒடச்சேன். மறுநாளே நகைய அடகு வச்சிக் கொண்டாந்து குடுத்தான். போகும்போது கும்புட்டுட்டு வேற போனான்யா!

இந்த வினோதினிதான் அடங்கல. லாட்ஜ்ல பெட்ஷீட் தொவைக்கிறவ, தனியா இருக்கிறவ, கதவு இல்லன்னா ஓடிடுவான்னு பாத்தேன். அவ இன்னாடான்னா கதவு இருந்த எடத்துல ஒரு பொடவையக் கட்டித் தொங்கவுட்டுட்டு உள்ள சோறாக்கிகினு இருக்கா. ராத்திரி மடியில அருவாமனைய வச்சிகினு குந்தியிருப்பாளாம். எங்கிட்டயே சொல்றா. எனுக்கு எப்பிடிப் பத்திகினு வந்திருக்கும், சொல்லு.

நாளான்னிக்கு தீபம். அந்த மாடிலேருந்து பாத்தா மல உச்சி நேரா தெரியும். அன்னிக்கு அங்க தங்கிப் பாக்க பெங்களூர்க்காரங்க அட்வான்ஸே போட்டுட்டாங்க. அவங்க வந்து நிக்கிறப்ப இவ உள்ள இருந்தா என் மானம் இன்னா ஆவறது?

அதான் காலையில நானே ஏறிப் போனேன். போன வேகத்துல சோத்துப் பானைய ஒதச்சேன். பொடவைய அறுத்துப் போட்டேன். அருணகிரி அய்யா, தீபம் முடிஞ்சதும் லாட்ஜ்ல சம்பளம் போடுவாங்க, மொத்தமாக் குடுத்துடறேன்னு அழுதா. முடியாதுன்னு கன்னத்துல ஒண்ணு வுட்டேன். உடனே கத்த ஆரம்பிச்சிட்டா.

இப்பவா? இப்ப சத்தமே இல்ல.

நல்லாக் கேட்டுக்க. கதவ மாட்டு. உள்தாப்பாள இறுக்கி மாட்டு. மாட்டி முடிச்சிட்டு, கடப்பாரையப் போட்டு நெம்பி அதே தாப்பாளப் பேத்துடு. வெளியேருந்து ஒடச்சித் தொறந்த மாதிரி தொங்கணும்.

பைத்தியம்லாம் புடிக்கல. நெதானமாத்தான் பேசறேன்.

எங்க எழுந்திரிக்கிற? குந்துடா. என் டவுன் வூட்டுக்கு நீ எத்தினி மாசம் வாடக பாக்கி? உன் கதவுல நான் கை வச்சிருக்கனா? இத முடிச்சிக் குடு, பாக்கியப் பத்தி வாயத் தொறக்கமாட்டேன். முடியாதுன்னா சொல்லிடு. உம்பொண்டாட்டி சிந்துஜா இப்ப அந்த வூட்ல தனியாத்தான இருக்கா?

ஹாங். அப்பிடி குந்து.

வேற ஒண்ணுமில்லடா. கிரிவலம் போறவங்க காதுல வுழுமேன்னு, அவ வாய அடக்கத்தான் கழுத்துல கை வச்சேன். கொஞ்சம் ஜாஸ்தி நேரம் வச்சிட்டேன் போலக்குது. அவளே உள்ள தாப்பாப் போட்டுகினு தூக்கு மாட்டிகினான்னு சொன்னா, கதவே இல்லாத வூட்லயான்னு போலீஸ்காரன் கேப்பான் இல்ல?

அந்தப் பொடவ அங்கயேதான் கெடக்குது. கதவு வேல முடிஞ்சதும் நீயும் ஒரு கை புடி. ஃபேன் கொக்கி ஒசரமா இருக்குது, எனுக்கு எட்டல.