தொட்டியில் ஊறிய றியோ

— முதல்லை ஒண்டைச் சொல்லும் கத்தரீனா. சோப்புப் போட்டனீரோ, வெறும் தண்ணியோ?

— சோப்புத்தானப்பா. சுடுதண்ணி விட்டு, குளிக்கிற தொட்டியிலை ஊறப்போட்டனான். ஆரோ பியரை ஊத்தி, எல்லாம் பிசுபிசு எண்டு ஒண்டோடை ஒண்டு ஒட்டிக்கொண்டு கிடந்துது. "அறையைத் துப்பரவாக்கி வை கத்தரீனா" எண்டு றோபேட்தானே சொல்லிப்போட்டு நாப்போலிக்குக் கப்பல் ஏறினவர்.

— அறையை எல்லோ சொன்னவர்? றெக்கோட்டை ஆர் கழுவச் சொன்னது? சோத்துக் கோப்பை எண்டு நினைச்சீரோ?

— கோப்பை கழுவுறது நீங்கள். ஸ்ஃபெர்ராகவால்லோச் சாப்பாட்டுக் கடையிலை மீன் கோப்பை கழுவிக் கழுவி உங்களுக்கு எல்லாம் கோப்பையாத்தான் தெரியும். இஞ்சை வந்து பாருங்கோ. றெக்கோட்டுக்கு ஒரு சேதமும் இல்லை, பளபளா எண்டு கிடக்கு. ஒவ்வொண்டிலையும் அவர் தன்ரை கையாலை பேர் எழுதிக் கடுதாசி ஒட்டியிருந்தவர். அதுகள்தான் கழண்டு போச்சு.

— மடு மாதாவே! ரசத்திலை கறிவேப்பிலை மாதிரியெல்லே மிதக்குது.

— சிரிக்காதேங்கோ!

— சிரிக்கேல்லை, சிரிக்கேல்லை. கொஞ்சம் பொறும். இதென்ன, கடுதாசி இருந்த இடத்துக்குக் கீழை அச்சடிச்ச பேரையும் ஆரோ கத்தியாலை சுரண்டிக் கிடக்கு. உதுவும் உம்மடை கைவேலையோ?

— மாதாவாணை நான் கத்தி தொடேல்லை. அது முதலே அப்பிடித்தான் கிடந்துது.

— காசு குடுத்து வாங்கின சாமானிலை பேரைச் சுரண்டுற விசரனும் இருக்கிறானோ? அப்ப இந்தக் கடுதாசி இல்லாட்டி, எது எதெண்டு அவருக்கே தெரியாது.

— அதைத்தானே வந்ததிலையிருந்து சொல்லிக்கொண்டு நிக்கிறன்! இண்டைக்குப் பின்னேரம் கடற்கரையிலை அவர் இந்த றெக்கோட்டுகளைப் போடுற டான்ஸ் பார்ட்டி. கடல் மோசமாம், கப்பல் பிந்துது. பல்கனியாலை பாத்தனான், துறைமுகத்திலை இன்னும் காணேல்லை. அது வந்து கட்ட முன்னம் எல்லாத்தையும் பழையபடி ஒட்டவேணும்.

— ஒட்டாட்டி?

— ஒட்டாட்டி என்னை நிப்பாட்டுவார். எனக்கு முதல் இஞ்சை நிண்ட பெட்டை இந்த றெக்கோட் பெட்டிக்கு மேலை கோப்பிக் கப்பை வைச்சதுக்கே வீட்டை அனுப்பினவராம். வேலை போனால் கொன்றாத்தோ ஒப்பந்தமும் போச்சு. உங்கடை முதலாளி உங்களுக்கு எழுத்திலை ஒண்டும் தரமாட்டான். என்ரை கொன்றாத்தோவைக் காட்டித்தானே றம்யாவைக் கூப்பிட குவெஸ்தூராப் பொலிசிலை விண்ணப்பம் போட்டிருக்கிறம்? பிள்ளை மன்னாரிலை செல்லடிக்குள்ளை இருக்கிறாள். போனிலை கதைச்சால் என்னை "அன்ரி" எண்டு கூப்பிடுறாள். எனக்கு என்ரை பிள்ளை வேணுமப்பா.

— சரி, சரி. அழாதேயும். இஞ்சாரும், என்னைப் பாரும். பீலிக்ஸ் இருக்கேக்கை என்னத்துக்குப் பயம்? ஊரிலை எத்தினை கலியாண வீட்டிலை கொங்கோ மேளம் அடிச்சவன் நான்? காதாலை பிடிச்சுத் தாறன். கடுதாசியளைத் துவாயிலை பரப்பும். எழுத்து நிக்குதோ?

— நிக்குது, போல்பொயின்ற் பேனை. பாட்டின்ரை பேர் போலை ஏதோ கிடக்கு, பக்கத்திலை வருஷம். எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்றைஞ்சு. கடைசி, போன வருஷம், தொண்ணூற்றெட்டு. எல்லாம் பிரேசிலிலை, றியோவிலை எடுத்ததாம்.

— அப்ப வருஷத்தைப் பிடிச்சால் பாதி முடிஞ்சுது. மிச்சத்தை அவங்கள் பாட்டிலையே கத்திச் சொல்லுவாங்கள். போடும் ஒண்டை.

— சத்தத்தைக் குறையுங்கோ! அவற்றை தாய், சிஞ்ஞோரா, ஹோலிலை இருக்கிறா.

— மனிசிக்குத்தான் காது கேளாதே.

— காது கேளாது. கால் கேக்கும். நிலம் அதிருது பாருங்கோ.

— உதென்ன, இங்கிலிசிலை பாடுறான்? பிரேசிலிலை என்னத்துக்கு இங்கிலிஸ்?

— அப்ப அது பழசு, எண்பத்தெட்டோடை வையுங்கோ. நான் சேட் மினுக்கேக்கை றோபேட் பக்கத்திலை நிண்டு ஒரே இந்தக் கதைதான். றியோவிலை மலைச்சரிவிலை ஏழைச் சனம் இருக்கெல்லே, அதுகள் கிழமைக் கடைசியிலை மண்டபம் நிரம்ப ஆடுறவையாம். முதல் முதல் எல்லாம் மியாமியிலை இருந்து வந்த றெக்கோட்தானாம். பிளேனிலை வேலை செய்யிற ஆக்களிட்டைச் சொல்லி எடுப்பிச்சிருக்கினம்.

— சனத்துக்கு விளங்குமோ?

— எங்கை விளங்கிறது? இங்கிலிஸ் வாய்க்குள்ளை நுழையாததாலை, அந்தச் சத்தத்துக்குத் தோதாத் தங்கடை பாஷையிலை எதையாவது போட்டுக் கத்துவினமாம். அதுகும் நல்ல ஊத்தைப் பாட்டாம்.

— அட, எங்கடை ஆக்கள்! நாங்களும் சிங்களப் பைலாவுக்கு மெட்டை மட்டும் எடுத்துப்போட்டு எத்தினை பாட்டுக் கட்டினனாங்கள்.

— ஓமோம். பாதர் அகஸ்ரின் வந்து உங்கடை மைக்கைப் பறிச்சதை ஊரே பாத்தது.

— அது பாட்டுப் பிழையெண்டு இல்லை. அவற்றை மோட்டச்சைக்கிளைப் பற்றிப் பாடினபடியாத்தான் அவருக்குக் கோவம். சரி, அடுத்ததைப் போடும். ஆ... பாரும், மேளம் அதே அமெரிக்க மேளம். வாய்தான் மாறிப்போச்சு.

— ஓம், பிறகு உள்ளூர்ப் பெடியளே மைக்கைப் பிடிச்சிட்டாங்களாம். தங்கடை தெருவையும் பொலிசையும் பற்றிப் பாடத் துவங்கினாப்போலை, பொலிஸ் வந்து மண்டபங்களைப் பூட்டினது. சனம் மலைக்கு மேலை ஏறித் தெருவிலையே ஆடியிருக்கு.

— பொறும்! இவன் இப்ப "சப்பாத்து" எண்டான்!

— விசர்க்கதை. எங்கடை சொல்லை அவன் ஏன் சொல்லுறான்?

— திருப்பிப் போடும். ம்... கேட்டீரோ? சப்பாத்து! அந்தா, இப்ப "யன்னல்" மாதிரியும் ஏதோ சொல்லுறான்.

— ஓமப்பா! இத்தாலிக்கு வந்து எத்தினை வருஷம், இவையின்ரை பாட்டிலை ஒரு சொல்லு எனக்கு லேசிலை விளங்காது. இது எங்கையோ கிடக்கிற றியோப் பாட்டு, விளங்குதே!

— போத்துக்கீசன் மன்னாரிலை கோட்டையைக் கட்டி, சப்பாத்தையும் அலுமாரியையும் விட்டிட்டுப் போனவன். அங்கையும் விட்டிட்டுத்தான் போயிருக்கிறான். கடுதாசியிலை பாரும், "சப்பாத்தோ" எண்டு ஏதும் கிடக்கோ?

— கிடக்கு! தொண்ணூற்றைஞ்சு! மாதாவே, தோத்திரம். நீங்கள் கெட்டிக்காரனப்பா.

— கலியாணம் கட்டிப் பத்து வருஷத்திலை முதல் தரமாக் கேக்கிறன். இன்னொருக்காச் சொல்லும்.

— கப்பல் வருது, அடுத்ததைப் போடுங்கோ!

— ...ஐயையோ.

— என்ன? கீறிப்போட்டியளோ?

— இல்லை, இந்த அடியைக் கேளும். இது மியாமியும் இல்லை, கியாமியும் இல்லை. இது தோல் மேளம், கையாலை அடிக்கிறது. கொங்கோ!

— கையாலை இல்லையாம், மெசினாலைதானாம். ஆனா அதுக்குள்ளை இருக்கிறது தங்கடை பழைய சாமி மேளத்தின்ரை அடி எண்டு சொன்னவர். அமெரிக்க மேளத்தைத் தூக்கி வைச்சிட்டினம். இதுதான் ஆகப் புதுசு, தொண்ணூற்றெட்டு. என்னப்பா செய்யிறியள்? இடுப்பை ஆட்டாதேங்கோ!

— நான் ஆட்டேல்லை, அது தானா ஆடுது. பத்து வருஷமா அவங்கள் ஆரின்ரையோ மேளத்துக்கு ஆடி ஆடி, கடைசியிலை தங்கடை வீட்டுக்குள்ளையே மேளத்தைக் கண்டுபிடிச்சிருக்கிறாங்கள். உமக்குச் சந்தோஷமா இல்லையோ?

— எனக்குப் பிள்ளையைக் கூப்பிடப் பெர்மெஸ்ஸோ கிடைச்சால் சந்தோஷம். ஐயோ, சிஞ்ஞோரா!

— வாறாவோ?

— இல்லை. கரண்டியாலை மேசையிலை தட்டுறா. தலையும் ஆடுது.

— பாத்தீரோ? மனிசியும் தொண்ணூற்றெட்டுத்தான்.

— சும்மா இருங்கோ. மிச்சத்தையும் போட்டு முடியுங்கோ. இது?

— தொண்ணூறு. இங்கிலிஸ் பாதி, அவங்கடை பாஷை பாதி.

— இது?

— நாய் குலைக்குது. நாயை எந்த வருஷத்திலை வைக்கிறது?

— உந்தக் கடுதாசியிலை நாயின்ரை படம் கீறியிருக்கு.

— றோபேட் வாழ்க. அப்ப மிஞ்சினது இந்த ரண்டும். ரண்டும் ஒரே மாதிரித்தான் கேக்குது.

— மாறி ஒட்டினால்?

— மாறி ஒட்டினால் கடற்கரையிலை ஒரு பாட்டுக்குப் பதிலா மற்றப் பாட்டு போகும். ஆடுற பெட்டையள் வந்து பேர் கேக்கப்போகினமோ? கொண்டாரும் இஞ்சை. சிஞ்ஞோராவின்ரை தலை காய வைக்கிற மெசினாலை கடுதாசியளைக் காயவையும், நான் ஒட்டுறன்.

— கெதியா. கப்பல் உள்ளுக்கு வந்திட்டுது. பல்கனியாலை தெரியுது, கயிறு எறியிறாங்கள்.

— இந்தா, முடிஞ்சுது. எல்லாம் அந்தந்த இடத்திலை. தொட்டுப் பாரும்.

— அசையவே இல்லை. என்ன பசையப்பா? நான் எடுத்து வைச்ச கோதுமை மாப் பசை அப்பிடியே கிடக்கு.

— கோதுமை மாவாலை ஒட்டினால் நாளைக்குக் கழண்டிடும். இது என்ரை பைக்குள்ளை கிடந்தது. குசினித் தண்ணியிலை நிண்டு நிண்டு என்ரை சப்பாத்து வாய் பிளந்ததெல்லே, அதை ஒட்ட வாங்கின பசை. சுடுதண்ணி, சோப்பு, உப்புத்தண்ணி, ஒண்டுக்கும் அசையாது. பசாசு வந்து இழுத்தாலும் கழறாது. நீர் இனி ஆயிரம் தரம் கழுவும், உத்தரிப்பு ஸ்தலம் மட்டும் இந்தப் பேர் நிக்கும்.

— நீங்கள் என்னையும் றம்யாவையும் காப்பாத்திப் போட்டியள். பிள்ளை வந்தாப்பிறகு அவளுக்கு இந்தக் கதையைச் சொல்லவேணும்.

— அவளுக்கு அந்தத் தொண்ணூற்றெட்டு மேளத்தை நான் அடிச்சுக் காட்டுவன். அது போன் எல்லே அடிக்குது? அவராத்தான் இருக்கும். தன்ரை கைப்போன், தெலெபோனினோவாலை அடிக்கிறார் போலை. பதறாமல் கதையும்.

— புறொந்தோ? சி, சிஞ்ஞோர் றொபெர்த்தோ... சி... துத்தி?... துத்தி துத்தி?... சி. சி. கிறாச்சியே.

— என்ன? ஏன் முகம் பேயறைஞ்ச மாதிரிப் போச்சு? கண்டுபிடிச்சிட்டாரோ?

— இல்லை. நல்ல சந்தோஷமாத்தான் கதைக்கிறார். கப்பலிலை கத்தானியாக்காரன் ஒருத்தன், தன்னைப்போலை றெக்கோட் போடுறவன், ஒட்டிக்கொண்டிட்டானாம். காரிலை கூட்டிக்கொண்டு வாறாராம். மேலை வந்து பெட்டியை உடனை பாக்கவேணும் எண்டு நிக்கிறானாம்.

— வந்து பாக்கட்டுமன். ராசா மாதிரி இருக்கு பெட்டி.

— அவன் பேரைப் பாத்தால் நாளைக்கே தானும் எடுப்பிச்சுப் போடுவானாம். றியோவிலையும் ஒருத்தன்ரை பாட்டை மற்றவன் களவெடுப்பான் எண்ட பயத்திலைதான் பேரைக் கத்தியாலை சுரண்டி விடுறவையாம்.

— ஓ, அதுதானோ அந்தச் சுரண்டல்! நல்ல கெட்டித்தனம். சரி, அதுக்கு உம்மை என்ன செய்யட்டாம்?

— தாங்கள் படியேற முன்னம், ஒண்டும் விடாமல் எல்லாக் கடுதாசியையும் குளிக்கிற தொட்டியிலை சோப்புத் தண்ணிக்குள்ளை ஊறப்போட்டுக் கழட்டி வைக்கட்டாம்.