நிறுத்தாதான் மேடு

காரைக்கால் கரையிலே பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலம். அப்போ பனையடிக்குடின்னு ஒரு ஊர். அந்த ஊருக்குக் கப்பலேறி வந்தாராம் ஒரு கடிகாரத் துரை. பேரு முசே துல்லோ. பாரீசிலே ராசா வீட்டுக்கே கடிகாரம் செஞ்ச வம்சமாம். இங்கேயும் ஆள் உசரத்துக்கு ஒண்ணு செஞ்சார். நொடி தப்பக் கூடாது, அதுதான் அவர் வைராக்கியம்.

நம்ம வெயில் சும்மா விடுமா? சூட்டிலே பெண்டுலம் நீளும், கடிகாரம் பிந்தும். அதனாலே கனத்த சுவர் வச்சு ஒரு அறை கட்டினார். உள்ளே வெட்டிவேர்த் தட்டி. அதை நனைச்சுக்கிட்டே இருக்க ஆள் வேணுமே? பச்சை உடம்புக்காரி தையநாயகியைக் கூப்பிட்டார். பொழுது சாய விட்டுடுவாங்கன்னு நம்பி, கைப்பிள்ளையை மாமியாகிட்டே விட்டுட்டுப் போனா. கதவு திறந்தா அனல் புகுந்துடும்னு வெளியிலேர்ந்து பூட்டிட்டார்.

காவக்காரன் மரிசூசைகிட்டே சொன்னாராம்: "ஒரு தரம் சாவி கொடுத்தா பௌர்ணமி தொட்டுப் பௌர்ணமி ஓடும். ஓடுற வரைக்கும் யார் அழுதாலும் திறக்காதே."

அவகிட்டே சொன்னாராம்: "பெண்டுலத்திலே கை வச்சே, உன் புருஷனைக் கரும்புத் தீவுக்குக் கூலியாக் கப்பலேத்திடுவேன்."

கஞ்சியும் தண்ணியும் சுவர் ஓட்டை வழியா வரும். கை நுழையும், பிள்ளை நுழையாது. பாலைப் பீய்ச்சிச் சிரட்டையிலே நீட்டினா. ஏக்கத்திலே அதுவும் வத்திப்போச்சு.

மாமியாக்காரி பிள்ளையோட வாசல்லே நின்னா. "முசே, பிள்ளை பாலுக்கு அழுவுது."

துரை கதவிலே காதை வச்சார். "ஓடுது. திறக்க முடியாது."

மறுநாளும் வந்தா. "ஓடுது. திறக்க முடியாது."

அப்புறம் வந்தா. "இப்ப அழுவலீங்க முசே. அழத் தெம்பில்லை."

"நல்லதாப் போச்சு. அப்ப அவசரமில்லை."

பௌர்ணமி வந்தது, கடிகாரம் நின்னது, கதவு திறந்தது. "நொடி தப்பலே, தையநாயகி" ன்னு துரை சிரிச்சார். "பிள்ளை?" ன்னா அவ. மரிசூசை சுடுகாட்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

அவ அழலையாம். துரை மறுபடி சாவி கொடுத்து ஓடவிட்டு, பக்கத்திலேயே ரசிச்சு நின்னார். தண்ணிக் குடத்தை இடுப்பிலே எடுத்துக்கிட்டா. வெளியே வந்தா. பூட்டிலே தொங்கின சாவியைத் திருப்பினா.

"அடியே, உள்ளே துரை கத்துறாரு" ன்னு மரிசூசை ஓடிவந்தான்.

"ஓடுதா பாரு."

காதை வச்சான். "ஓடுது."

"யார் அழுதாலும் திறக்கக் கூடாதுன்னது உன்கிட்டதானே?"

மரிசூசை அப்படியே குந்திட்டான்.

தினமும் ஓட்டைகிட்டே போவாளாம். "முசே, ஒரு விரல் வச்சா நின்னுடும். நின்னா திறக்கிறேன்."

"மாட்டேன். இன்னும் நொடி தப்பலே."

மறுநாளும் கேட்டா. "மாட்டேன்." அதுக்கு மறுநாள் கேட்டா. டிக் டிக்குன்னு கடிகாரம்தான் பதில் சொல்லிச்சு. பௌர்ணமிக்குத் திறந்தப்போ பெண்டுலத்தைப் பார்த்தபடியே காய்ஞ்சு கிடந்தாராம்.

விசாரிக்க வந்த சிப்பாய்க்கு ஊரே ஒரே பதில்: "அவர் போட்ட கட்டளைங்க."

அறை இடிஞ்சு மண்ணாச்சு. அதைத்தான் நிறுத்தாதான் மேடுன்னு சொல்றோம். இன்னைக்கும் பனையடிக்குடியிலே பால் கொடுக்கிறவ நடவுலே நாத்து முடியைப் பாதியிலே போட்டுட்டுக் கரையேறலாம். எந்த மேஸ்திரியாவது முறைச்சா, பொம்பளைங்க குனிஞ்ச வாக்கிலேயே அந்த மேட்டுப் பக்கம் கையைக் காட்டுவாங்க. மேஸ்திரி போய் வரப்பிலே உட்கார்ந்துக்குவார்.