தீயணைப்பு நிலைய வாசலில் வெர்லீன் டோலிவர்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் பிராக்ஸ்டன் ஐயா அவர்களே, சபை வேன் ஓட்டும் அமோஸ் அண்ணன் அவர்களே, கோழி ஆலை உடுப்போடு அப்படியே வந்திருக்கும் தோழிகளே, எல்லோருக்கும் வணக்கம். நான் இதுவரை மைக் பிடித்ததில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சபை மூப்பர் வெர்லீன் டோலிவர் அம்மா "காலமானார்" என்று செய்தித்தாளில் போட்டிருக்கிறது. காலமானாரா? இல்லை! அடித்துக் கொல்லப்பட்டார்!

அலபாமாவில் இந்த ஆண்டு வாஷிங்டனுக்கு உறுப்பினரை அனுப்பும் தொகுதிகளை மாற்றி வரைந்தார்கள். புதிய கோடு நம் ஓடைச் சாலையை வேறு தொகுதிக்குத் தள்ளிவிட்டது. நாற்பது ஆண்டுகளாகத் தீயணைப்பு நிலையத்தில் வாக்களித்தவர்களுக்கு இனி பதினோரு மைல் தள்ளியிருக்கும் பள்ளிக்கூடம். கால் பழகிய இடத்துக்குத்தானே போகும்? அதனால்தான் அம்மா தேர்தலன்று பழைய வாசலில் நின்றார். பெயர் இல்லையென்று திரும்பி வந்தவர்களை வேனில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

"வாயில்லாப்பூச்சி, கை இருக்குல்லடி? வழியக் காட்டு!" என்று என்னையும் நிறுத்தினார்.

"இது ஏழாவது ட்ரிப்பு, அக்கா. வண்டி மூச்சு வாங்குது" என்றார் அமோஸ் அண்ணன்.

"அது வாங்கட்டும், நீ வாங்காத. ஓட்டு!"

மாலை நான்கு மணிக்கு டுவைட் சோரெல் உள்ளே போனான். அவனும் ஓடைச் சாலைக்காரன்தான், வெள்ளையர் வீடுகள் பக்கம். பட்டியலில் பெயர் இல்லை என்றதும் முகம் சிவந்து வெளியே வந்து அம்மா முன் நின்றான்.

"எங்கப்பன் ஓட்டுப் போட்ட எடம்டி இது! எம் பேர எடுத்துட்டு ஒங்க ஆளுங்கள நொழச்சிட்டீங்களா?"

"எம் பேரும்தான் இங்க இல்ல, ராசா. கோடு நம்ம ரெண்டு பேரையும் சேத்துத்தான் தள்ளிருக்கு. வண்டில ஏறு, கொண்டுபோய் விடுறோம்."

அவன் தன் டிரக்கிலிருந்து சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பியை எடுத்தான். முதல் அடி தோளில். கோழி ஆலையில் எலும்பு முறியும் சத்தம் எனக்குப் பழக்கம். மனித உடம்பில் அன்றுதான் கேட்டேன். அம்மா மண்டியிட்டு விழுந்தார். "ஏறுப்பா" என்றார். அடுத்த அடி தலையில். ரத்தம் என் செருப்புவரை வந்தது. நான் கத்தக்கூட இல்லை. அதை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

அவனைப் பிடித்துவிட்டார்கள். ஆனாலும், "அவன் வீட்டக் கொளுத்தணும்" என்று இங்கேயே சிலர் பேசுவது காதில் விழுகிறது. நான் பேசவில்லை. பெட்ரோல் கேனோடு நடந்தே போனேன்! பாதி வழியில் அமோஸ் அண்ணன் பிடுங்கிக்கொண்டார்.

"நீ ஜெயிலுக்குப் போயிட்டா செவ்வாக்கெழம அங்க யாருடி நிப்பா?"

திரும்பி வந்தேன். யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு விழாததால் வரும் செவ்வாய் இரண்டாம் சுற்று. எனக்குப் பதினேழு வயது, வாக்கு கிடையாது. ஆனால் காலை ஏழு மணிக்கு அந்த வாசலில் இருப்பேன். சோரெலின் தாயும் தம்பியும் பழைய இடத்துக்கே வந்தால் அவர்களையும் ஏற்றி அனுப்புவேன். மன்னித்துவிட்டேனா? இல்லை! மன்னிக்கவில்லை. அது அம்மாவின் வேலை, பாதியில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

தனியாக நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது. என்னோடு வருகிறவர்கள் இப்போதே எழுந்து நில்லுங்கள்.