இரண்டாவது கேபிள்

பிரிக்பீல்ட்ஸில் மத்தியானம் கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் ஆஸ்பத்திரிக்கு நான் நடந்தேதான் போவேன், இன்ஸ்பெக்டர் சார். நீங்கள் கேமராவில் பார்த்த ஆள் நான்தான்.

அந்த ஆஸ்பத்திரி சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வருஷம் அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் சேர்த்துக் கட்டினேன். இரண்டு பேர் மேசை தூக்குவது போலத்தான். வேகம் கூடும், ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது சுமக்கும். நோயாளிகள் எல்லாரும் தனித்தனி அறையில். அவர்களுடைய இதயத்துடிப்பு அந்த வழியாகத்தான் நர்ஸ் கவுண்டர் திரைக்கு வரும். நானே சொல்லக் கூடாது, அருமையான வேலை.

அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை.

முன்பு லைன் போனால் நர்ஸ் லோகேஸ்வரி போன் செய்வாள். "திமோத்தி அண்ணே, சீக்கிரம் வாங்க லா. நீங்க இல்லாட்டி நாங்க செத்தோம்." வேலை முடிந்ததும் கோப்பி கலக்கித் தருவாள். என் மனைவி மகதலேனா இறந்த பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவள் மட்டும்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குரலுக்கு ஏங்கிப்போனேன்.

ஒரு கார்டின் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். மற்ற கார்டு சத்தமில்லாமல் சுமந்துகொண்டது. நாள் கணக்கில் காத்திருந்தும் போன் வரவில்லை. என் வேலையே எனக்கு எதிரியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை இரண்டாவதையும் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் தே தாரிக் சொல்லி உட்கார்ந்தேன். போன் வந்தது.

"அண்ணே, ஸ்கிரீன் எல்லாம் காலி லா. எங்க இருக்கீங்க?"

"பதறாத மா, தூரத்துல பூச்சோங்ல இருக்கேன். வந்துகிட்டே இருக்கேன்."

இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று தோன்றியது. கூப்பிட்டாள். தேநீர் ஆறட்டும் என்று இருந்தேன். மூன்றாம் தடவை அழுதாள். "கன்னையா அங்கிளுக்கு மூச்சு இல்லண்ணே. கதவு சாத்தியிருந்துச்சு, யாருமே பார்க்கல."

கன்னையாவுக்கு இதய ஆபரேஷன் ஆகியிருந்தது எனக்குத் தெரியும். அன்று காலை அவர் அறையில் நின்று பேசிவிட்டுத்தான் சர்வர் அறைக்குப் போனேன். தெரியாமல் செய்ததாக எழுத வேண்டாம். அவரைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன்.

லோகேஸ்வரியை மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள், சார். சந்தேகம் இருந்தால் அவள் போனை வாங்கிப் பாருங்கள். அன்றைக்கு அவள் முதலில் கூப்பிட்டது டாக்டரை இல்லை, என்னைத்தான்.