நடந்தவர் தொண்ணூற்று மூன்று

— அண்ணி, இப்ப ஆட்டோவுல ஏறிச்சே கைக்குழந்தையோட ஒரு பொண்ணு, அதை எதுல எழுதட்டும்?

— ஆட்டோவுல போனா ஆட்டோ. இதுல என்ன சந்தேகம்?

— எதிர்ல இருக்கிற கிளினிக்குல போய் இறங்கிருச்சு அண்ணி. இங்க ஏறி, அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி, அங்க இறங்குது. ரோட்டைத் தாண்டத்தான் ஆட்டோ.

— ரோட்டுக் கணக்கெடுப்பு ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல. ஆட்டோ ஒண்ணு. எழுது.

— சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஒன்பது மணியிலேர்ந்து நடந்து தாண்டினவங்க எத்தனை பேர்?

— தொண்ணூத்தி மூணு.

— பத்து மணிக்குள்ள நூறு வரணும், இல்ல?

— நூறு வந்தா சிக்னல். வரலைன்னா ரோட்டை இன்னும் அகலமாக்கி நடுவுல சுவர். மீட்டிங்குல சொன்னப்ப நீ போனை நோண்டிக்கிட்டிருந்தே.

— மணி ஒன்பது ஐம்பது. ஸ்கூல் கூட்டமெல்லாம் ஓய்ஞ்சாச்சு, இனிமே யார் வருவா? அங்க பாருங்க, அந்தப் பெரியவர் காலை எடுத்து வெச்சார், லாரி ஹாரன் அடிச்சதும் பின்னாடி வந்துட்டார். அரை ஆள்னு போடலாமா?

— இந்தப் பக்கமே நின்னா அது நிக்கிறது. தாண்டுறது இல்ல.

— உங்க கையில இருக்கிற எண்ணுற மெஷினைக் கட்டை விரலால ஏழு தடவை அழுத்தினா முடிஞ்சது. மெஷின் என்ன சத்தியமா கேட்கப்போகுது?

— உங்க அண்ணன்கிட்டயே நான் பொய் சொன்னதில்ல. மெஷின்கிட்ட சொல்லணுமா?

— போன மாசம் எடுத்த புடவையைப் பழசுன்னீங்களே.

— பழசுதான். கடையில ஒரு வருஷமா தொங்கிக்கிட்டிருந்துச்சு.

— சிரிப்பு வரல அண்ணி. உங்களுக்குத் தெரியாததா? என் வீடு இந்தப் பக்கம், பாப்பா ஸ்கூல் அந்தப் பக்கம். வாசல்ல நின்னா ஸ்கூல் கேட் தெரியுது. ஆனா ரெண்டு கிலோமீட்டர் ஸ்கூட்டர்ல சுத்திக் கொண்டுபோய் விடறேன். நேத்து எண்ணினவங்க கட்டத்துல நானும் ஒரு டூவீலர்தான். பயந்துக்கிட்டு பாதிப் பேர் நடக்கிறதில்ல. நடக்கலைன்னு எழுதிட்டா, அப்புறம் நடக்கவே விடமாட்டாங்க.

— தெரியும்.

— தெரிஞ்சுமா இப்படி உட்கார்ந்திருக்கீங்க?

— பன்னெண்டு வருஷமா எண்ணுறேன். இது பத்தொன்பதாவது ரோடு. முன்னாடி எண்ணின பதினெட்டுலயும் மேம்பாலம், இல்லைன்னா சுவர். ஒரு இடத்துல கூட சிக்னல் வரல. எனக்கு மட்டும் வயிறு எரியாதா? ஆனா ஏழு பொய்யின்னு தெரிஞ்சா மொத்த ஃபாரத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்தாங்களே தொண்ணூத்தி மூணு பேர், அவங்களும் நடக்காதவங்க ஆயிடுவாங்க.

— அப்ப வேடிக்கை பார்த்துட்டு வீட்டுக்குப் போகலாமா?

— மணி என்ன?

— ஐம்பத்தி ரெண்டு. எங்க எழுந்திரிக்கிறீங்க? டீயா?

— ஃபாரத்துக்குப் பின்பக்கம், ஆறாவது விதி. சத்தமா படி.

— “ஒருவரே பலமுறை கடந்தாலும் ஒவ்வொரு முறையும் தனியாகக் கணக்கிடவும்.” இதுல என்ன அண்ணி இருக்கு?

— இந்தா, மெஷினைப் பிடி. ஒவ்வொரு தடவையும் நான் எதிர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தா மட்டும் அழுத்து.